மழை நாளில் நாலு சுவருக்குள் கோல்ஃப்

மலையேற்றத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நாளில் விடியற்காலையிலிருந்து மழை. கூட வந்த நண்பன் பல வருடங்களாக கோல்ஃப் ஆடுகிறவன். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோல்ஃப் சிமுலேட்டர், அதாவது அறைக்குள் திரையைப் பார்த்துப் பந்தை அடித்து ஆடுகிற இடம், இருப்பதை ஃபோனில் தேடிப் பிடித்துவிட்டு, “ரூம்ல உக்காந்து என்ன பண்ணப் போற? வா, ஒரு மணி நேரம் அடிச்சுப் பாரு” என்று கிளப்பிவிட்டான். நான் அதுவரை பந்தை அடிக்கிற கோல்ஃப் கிளப்பைக் கையால் தொட்டதுகூட இல்லை. என்னைப் போல ஒன்றும் தெரியாமல் உள்ளே நுழைகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆடத் தெரிந்தவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம். சண்டை போட அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அறைக்குள் போனதும் கண்ணில் படுவது திரை. சினிமாத் திரை போலத் தெரிந்தாலும் கிட்டே போய்த் தொட்டால் கெட்டியான பாலியெஸ்டர் நெசவு. விறைப்பாக இழுத்துக் கட்டாமல், பின்னால் இடைவெளி விட்டுக் கொஞ்சம் தொய்வாகவே கட்டியிருக்கிறார்கள். பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதைக் கீழே விழவைப்பது அந்தத் தொய்வுதான். பக்கச் சுவர்களில் மெத்தை, மேலே வலை. கூரை எவ்வளவு உயரம் என்பதைக் கவனியுங்கள். டிரைவர் என்கிற நீளமான கிளப்பை வீசுவதற்குப் பத்து அடியாவது இருந்தால்தான் நெட்டையானவர்களுக்கு நிம்மதி. மேலே இடித்துவிடுமோ என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால் தோள் சுருங்கிவிடும், அதற்குப் பிறகு எந்த அடியும் சரியாக வராது.

காலில் சாதாரண விளையாட்டு ஷூ போதும், உலோக ஆணி வைத்த ஷூ வேண்டாம். கிளப், பந்து எல்லாம் அங்கேயே தருகிறார்கள். வெளியில் ஆடிய மண் படிந்த பந்தைக் கொண்டுபோனால் திரையில் கறை விழும் என்பதால் பெரும்பாலும் விடமாட்டார்கள். கையுறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்கள் இடது கையில் போட வேண்டும். கையுறை இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே இடது கட்டைவிரல் ஓரத்தில் தோல் எரிய ஆரம்பித்துவிடும்.

இந்த இடங்களில் கறாராகச் சொல்லப்படும் விதி ஒன்றுதான். ஒருவர் கிளப்பைக் கையில் எடுத்துவிட்டால் மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். வீடியோ எடுக்கிறேன் என்று முன்னால் வந்து நிற்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்த உருண்டையை ஒரு முன்னணி ஆட்டக்காரர் டிரைவரால் அடித்தால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. புதிதாக ஆடுகிறவர் அடிப்பது அதில் பாதிதான் என்றாலும் முழங்காலில் பட்டால் தாங்காது.

எனக்கு முதலில் கையில் கொடுத்தது ஏழாம் நம்பர் அயர்ன் என்கிற கிளப். பணியில் இருந்த பெண், வேறு எதையும் தொடாமல் இதையே அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ள கோல்ஃப் விதி அனுமதிக்கிறது. முதல் நாளில் அந்தப் பதினான்கில் பதின்மூன்று உங்களுக்குத் தேவையில்லை. ஏழாம் அயர்ன் நீளத்திலும், பந்தில் படுகிற முகத்தின் சாய்விலும் நடுவாந்தரமானது, கை பழக அதுதான் தோது. டிரைவரைப் பார்த்ததும் ஆசை வரும். அது நீளம் அதிகம், முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்து பத்து டிகிரிக்கு அக்கம்பக்கம்தான் சாய்ந்திருக்கும். சின்னப் பிசகைக்கூட அது பெரிதாக்கிக் காட்டும்.

முதல் அடிகள் எப்படி இருக்கும்? பந்து இருந்த இடத்திலேயே இருக்கும், கிளப் மட்டும் காற்றைச் சீவிக்கொண்டு போகும். வெளி மைதானத்தில், அடிக்கும் நினைப்போடு வீசிப் பந்தில் படாவிட்டாலும் அது ஒரு அடியாகக் கணக்கில் ஏறிவிடும். இங்கே இயந்திரம் நகர்ந்த பந்தைத்தான் பார்க்கும், தவறவிட்டதைக் கண்டுகொள்ளாது. அடுத்த கட்டம், பந்தின் மண்டையில் பட்டு அது தரையோடு உருண்டுபோய்த் திரையின் அடியில் முட்டுவது. இதற்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். பந்து மேலே போக வேண்டும் என்று நாமே அதைத் தூக்கிவிடப் பார்க்கிறோம். கிரிக்கெட் ஆடிப் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக ஊறியிருக்கும். சிக்ஸர் அடிக்கிறபோது உடம்பு பின்னால் சாயும் அல்லவா, அதே சாய்வு இங்கேயும் வந்துவிடும். ஏழாம் அயர்னின் முகம் முப்பது டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருக்கிறது. தூக்கிவிடுகிற வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். நாம் பந்தை நோக்கி இறக்கி அடித்தால் போதும். “நீ தூக்காத, அது தானா ஏறும்” என்று நண்பன் சொல்லிக்கொண்டே இருந்தான். காது கேட்டது, உடம்பு கேட்கவில்லை.

பிறகு எப்போதோ ஒன்று சரியாகப் படும். கையில் அதிர்வே இருக்காது. பந்து திரையில் ‘டம்’ என்று மோதிக் கீழே விழும். ஒரு நொடிக்கும் குறைவான தயக்கம். அப்புறம் அது மோதிய இடத்திலிருந்து இன்னொரு பந்து கிளம்பித் திரைக்குள் இருக்கிற வானத்தில் ஏறும். அந்தத் தயக்கத்தில் இயந்திரம் கணக்குப் போடுகிறது. பந்து நிஜமாகப் பறந்தது சில மீட்டர்தான், மற்றதெல்லாம் கணக்கு. புறப்பட்ட வேகம், ஏறிய கோணம், திசை, சுழற்சி இவற்றை வைத்து, தடுக்காமல் விட்டிருந்தால் எங்கே போய் விழுந்திருக்கும் என்று கண்டுபிடிக்கிறது.

அளக்கிற விதம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பின்னால் ஒரு பெட்டி இருந்து டாப்ளர் ரேடார் முறையில் பந்தைத் துரத்தும். 2003-இல் டென்மார்க்கில் தொடங்கிய ட்ராக்மேன் நிறுவனம் பேர் வாங்கியது ரேடாரில்தான். ரேடாருக்குப் பந்து பறக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும்; குறுகலான அறைகளில் சுழற்சியைச் சரியாகப் பிடிப்பதற்காகப் பந்தில் சின்ன உலோகப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். இன்னொரு வகை, பந்துக்குப் பக்கத்திலோ கூரையிலோ அதிவேகக் கேமராக்களை வைத்துப் படமெடுப்பது. நாங்கள் போன இடத்தில் கூரையில் இருந்தது. இடக்கைக்காரர்களுக்கு இதுதான் வசதி. பக்கவாட்டுக் கேமராவாக இருந்தால் ஆள் மாறும்போதெல்லாம் அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டியிருக்கும்.

கூரைக் கேமராவில் இன்னொரு விசேஷம். கிளப்பும் பந்தும் உரசுகிற கணத்தைத் திரையின் ஓரத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறது. அந்த உரசல் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். படத்தில் என் கிளப் இறங்கி வருகிறது, பந்து கிளப்பின் நடுவில் படாமல் நுனிப் பக்கம் படுகிறது, கிளப்பின் முகம் மெல்லத் திரும்பிக்கொள்கிறது, பந்து வலப்பக்கமாக வழுக்கிப் போகிறது. நான் அடித்தபோது நேராக அடித்ததாகச் சத்தியம் செய்திருப்பேன். இதைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒருமுறை போய் வரலாம்.

படத்தோடு எண்களும் கொட்டும். கிளப் வேகம், பந்து வேகம், பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்து வருகிற ‘ஸ்மாஷ் ஃபேக்டர்’, சுழற்சி, உச்ச உயரம், இறங்கும் கோணம். புதிதாக வருகிறவர் இரண்டைத் தவிர மற்றதைத் திரையிலிருந்து மறைத்துவிடச் சொல்லலாம். ஒன்று, பந்து காற்றில் போன தூரம். இரண்டு, கிளம்பிய திசை. உருண்டது சேர்ந்த மொத்தத் தூரம் நம்மைக் குஷிப்படுத்தத்தான் உதவும். தூரத்தை யாரோடும் ஒப்பிட வேண்டாம். பிஜிஏ டூர் என்கிற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் ஆடுகிற ஆண்கள் ஏழாம் அயர்னால் சராசரியாக 170 கெஜத்துக்கு மேல் பறக்கவிடுகிறார்கள், அது வேறு உலகம். திசை விஷயத்தில் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படும் கணத்தில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். முகம் ஒரு பக்கமும் வீச்சு இன்னொரு பக்கமும் போனால் பந்து வளையும். புதியவர்களின் பந்து வலப்பக்கமே வளைந்து வளைந்து போவதற்கு இதுதான் மூலம்.

கொஞ்ச நேரம் திரையில் வருகிற பயிற்சித் திடலில் அடித்ததும் நண்பனுக்குப் பொறுமை போய்விட்டது. பெபிள் பீச்சைப் போடச் சொன்னான். கலிஃபோர்னியாவில் பசிபிக் கடலை ஒட்டி 1919-இல் திறந்த மைதானம். அதன் ஏழாவது குழிக்கு, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து தூரம் நூறு கெஜத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் மேட்டிலிருந்து கீழே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு துண்டு நிலத்தில் இறக்க வேண்டும். திரையில் அலை அடித்தது, கொடி காற்றில் படபடத்தது. என் பந்துகள் அலைக்குத்தான் போயின. வெளியில் என்றால் பந்தைத் தொலைத்த சங்கடம், பின்னால் வருகிற ஆட்டக்காரர்கள் காத்திருக்கிற சங்கடம் எல்லாம் சேர்ந்து கை நடுங்கியிருக்கும். இங்கே ஒரு பொத்தான், மறுபடி அதே இடம். புதியவர்களுக்கு இந்த அறை தருகிற பெரிய சலுகை இதுதான், தொழில்நுட்பமெல்லாம் அப்புறம்.

இனி சண்டைக்கு வருகிறேன். இந்த இயந்திரம் காற்றில் போன பந்தைப் பற்றிப் பொய் சொல்லாது. தரையைப் பற்றிச் சொல்கிறது எல்லாமே முக்கால் பொய்.

முதல் பொய் காலடியில் இருக்கிற செயற்கைப் புல்விரிப்பு. நிஜப் புல்லில் பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகக் கிளப் தரையில் இறங்கிவிட்டால் மண்ணைத் தோண்டிக்கொண்டு அங்கேயே வேகம் செத்துவிடும். விரிப்பில் அதே கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடுகிறது. திரை ‘நல்ல அடி’ என்கிறது. சத்தத்தைக் கேளுங்கள், முதலில் பந்து, பிறகு விரிப்பு என்று கேட்டால் சரி. விரிப்பின் ‘தப்’ முன்னால் கேட்டால் திரை காட்டுகிற தூரத்தை நம்பாதீர்கள். மணல் குழியும் அப்படித்தான். பந்து மணலில் கிடக்கிறது என்று திரை சொல்லும், தூரத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ளும், நீங்கள் அதே சமதள விரிப்பில் நின்றுதான் அடிப்பீர்கள்.

இரண்டாவது பொய் புட்டிங், அதாவது கிட்டே வந்த பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் போடுவது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நிஜத்தில் குனிந்து பார்த்து, தரைச் சாய்வைக் காலால் உணர்ந்து, பந்தைத் தட்டுவார்கள். இங்கே சாய்வு திரையில் ஓடுகிற கோடுகளாக இருக்கிறது, கால் சமதளத்தில் இருக்கிறது. கண்ணும் காலும் வேறு வேறு கதை சொல்கின்றன. அதனால்தான் பல இடங்களில் குழிக்கு இத்தனை அடிக்குள் வந்துவிட்டால் போட்டதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். கோல்ஃப் நட்சத்திரங்களான டைகர் வுட்ஸும் ரோரி மெக்கில்ராயும் முன்னின்று 2025 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் தொடங்கிய டிஜிஎல் என்கிற உள்ளரங்கக் கோல்ஃப் போட்டியில், 64 அடி அகலமும் 53 அடி உயரமும் உள்ள திரை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய திரை வைத்தவர்களே, குழிக்குக் கிட்டே வந்ததும் அதை விட்டுவிட்டு அரங்குக்குள்ளேயே சுழலும் மேடையில் நிஜமான குழி அமைத்து, அங்கே போய்த்தான் ஆட்டத்தை முடிக்கிறார்கள். அவர்களுக்கே திரையில் புட்டிங் சரிப்படவில்லை என்றால் நமக்கு எதற்கு அந்த வம்பு?

நண்பன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “வேகம் பழகலாம்டா, அது போதாதா?” என்றான். போதாது என்றுதான் இன்னமும் சொல்கிறேன். முதல் முறை போகிறவர்கள் புட்டிங்கைத் தானியங்கியில் போட்டுவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் இன்னும் பத்துப் பந்து கூடுதலாக அடிக்கலாம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழகியவர் ஒருவர் தனியாக 18 குழிகளை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுவார், நான்கு பேர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். புதியவர் இருவருக்கு ஒரு மணி நேரம் தாராளம். வெளியில் நடக்கிற நடை இங்கே கிடையாது, அடிக்கு அடி இடைவெளியும் கிடையாது. அதனால் அரை மணியிலேயே முன்னங்கை இறுகிவிடும். முதலில் தோளையும் இடுப்பையும் திருப்பித் திருப்பிச் சூடேற்றிக்கொள்ளுங்கள், மாறி மாறி அடியுங்கள். மறுநாள் வலி வருகிற இடம் கையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். விலாவுக்குக் கீழே இடப்பக்கம் வந்தது. மழை விட்டிருந்தது, தள்ளிப்போட்ட மலையேற்றத்துக்கு அன்று காலை பையை வலது தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.