ஐப்பசி மழைக்கு முன்பே போட வேண்டிய ஃப்ளூ ஊசி

கடலூர், புதுச்சேரி பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் கூடும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எனவே ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள். தாமதமானாலும் விட்டுவிட வேண்டாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையும் மாறும். போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது.

பிறந்து ஆறு மாதம் நிறைந்த யாரும் போடலாம். ஆனால் முதலில் போட வேண்டியவர்கள் கர்ப்பிணிகள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் சுமை அதிகம், ஃப்ளூ வந்தால் நிமோனியா வரை போகலாம். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். தாயிடம் உருவாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது என்பதால் அதற்கு இதுதான் பாதுகாப்பு. குழந்தையைத் தூக்கும் பாட்டி, தாத்தாவும் போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு மூக்கில் விடும் உயிருள்ள தடுப்பு மருந்து கூடாது, ஊசி மட்டுமே.

அடுத்து 65 வயதைத் தாண்டியவர்கள், சுகர், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இவர்களிடம் ஃப்ளூ காய்ச்சலோடு நிற்பதில்லை: சுகர் ஏறும், வீசிங் கூடும், மாரடைப்பு வாய்ப்பும் அதிகரிக்கும். மருத்துவமனைப் பணியாளர்களும் இந்த வரிசையில் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும்தான். ஒன்பது வயதுக்குக் கீழ் முதல்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். முதல் ஊசி மட்டும் அந்த வயதில் போதாது.

மருந்துக்கடையில் வாங்கிக் கிளினிக்குக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது குளிர்ச்சி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் உறைந்துபோகும். உறைந்த ஊசி வீண். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, ஊசிப் பெட்டியைத் தனியாக வையுங்கள். எந்த ஆண்டுக்கானது, காலாவதி தேதி என்ன என்று பெட்டியில் பார்க்கவும். புயலில் நீண்ட நேரம் மின்சாரம் போன கடையில், குளிர்சாதனம் எப்படி ஓடியது என்று தயங்காமல் கேளுங்கள்.

முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக்கூடாது. முட்டை ஒவ்வாமை இப்போது தடையில்லை, டாக்டரிடம் சொன்னால் போதும். கடும் காய்ச்சல் இருந்தால் குணமானபின் போடலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் போய்விடும். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது.

ஊசி போட்டிருந்தாலும், மேலே சொன்னவர்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் இரண்டு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை தேவைப்பட்டால், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.