இன்ஜின் கிளம்பவில்லையா? முதலில் ஏர் (காற்று) எடுங்கள்

குறுவை நாற்று தண்ணீருக்குக் காத்திருக்கும்போது டீசல் இன்ஜின் மக்கர் செய்தால் வயிறு கலங்கிவிடும். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் இதைப் பார்க்காதவர் இல்லை. உடனே டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றாதீர்கள் அண்ணே. டேங்க் வற்றி நின்றிருந்தால் பெரும்பாலும் டீசல் லைனில் புகுந்த காற்றுதான் காரணம். டீசல் ஊற்றி, டீசல் பில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நுரைநுரையாக வரும். குமிழி நின்று டீசல் கம்பிபோல் ஒழுகும்போதே இறுக்கிவிட வேண்டும், ஒழுக்கு நின்றபிறகு அல்ல. அப்புறம் இன்ஜினின் டீசல் பம்பிலும் அதேபோல்.

ஓடினால் புகையைக் கவனியுங்கள். கரும்புகைக்கு ஏர் கிளீனர் அடைப்போ அதிக லோடோ காரணமாகலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சூடேறியும் வெள்ளைப்புகை ஓயவில்லையா? அப்போது நாசிலைப் பாருங்கள், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.