மறுபடியும் நன்னடத்தை அலுவலராக

குழந்தைக்காக விட்ட வேலையில் திங்கட்கிழமை மறுபடியும் சேர்ந்துவிட்டேன். இடையில் இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2021இல் திருத்தமெல்லாம் வந்திருக்கிறது. சரி, அதை ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். வழக்கில் சிக்கிய பையனை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். அதற்குள் அவன் வீடு, பள்ளி, தெரு என்று ஏறி இறங்கினால்தான் அவன் யாரென்று எழுத முடியும்.

நேற்று ஒரு அம்மா, மகனின் ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் துணிக்கடைப் பையில் மடங்காமல் கொண்டுவந்தார். "நல்லா படிச்ச பையன் மேடம், இதையும் எழுதுங்க."

கட்டாயம் எழுதுவேன். குற்றப்பத்திரிகையில் இதெல்லாம் இருக்காது.

அப்புறம், பையன்களுக்குப் பொறுமையாகத் தொழில் கற்றுத்தரும் பட்டறைக்காரர்கள் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.