குப்பை மேட்டோரம் ஒரு ப்ளூஸ் பாட்டு

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் ஹட்சன் லைன் ரயில் ஏறினால் இடப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிட வேண்டும். ஹார்லெமைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஆறு வந்துவிடும். அப்புறம் இறங்கும்வரை கூடவே வரும். எதிர்க்கரையில் பாலிசேட்ஸ் பாறைகள் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும்.

"மாமா, தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டாள் அக்கா மகள். பதினோரு வயது.

"கடலுக்குத்தான்" என்று தெற்கே கைகாட்டினேன். நான் சொன்னது பாதிதான் சரி என்று மாலையில்தான் தெரிந்தது.

2019 ஜூன் மாதம் அது. ஒரு மணி நேரத்தில் க்ரோட்டன்-ஹார்மன் நிலையம். பக்கத்திலேயே க்ரோட்டன் பாயின்ட் பூங்கா, ஆற்றுக்குள் நாக்கை நீட்டியதுபோல் ஒரு தீபகற்பம். கிளியர்வாட்டர் என்ற அமைப்பு ஹட்சன் ஆற்றுக்காக அங்கே நடத்திய இசைவிழாவுக்குத்தான் போனோம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ், தேவாலயத்தில் பாடும் காஸ்பெல், நாட்டுப்புறப் பாடல் எல்லாம் கலந்த விழா. நான் போனது ப்ளூஸுக்காக.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது பெரிய பச்சை மேடு. புல் அலையலையாக அசைகிறது, மேலே பறவைகள் வட்டமிடுகின்றன. என்ன அழகான குன்று என்று அக்காவிடம் சொன்னேன்.

"அது குன்று இல்லடா, குப்பைமேடு" என்றாள்.

உண்மைதான். 1927 முதல் 1986 வரை வெஸ்ட்செஸ்டர் கவுன்டியின் குப்பையை இங்கேதான் கொட்டினார்கள். 1990களில் அதன்மேல் உறைபோட்டு, மண் பரப்பி, புல் வளர்த்தார்கள். இதே தீபகற்பத்தில் சுமார் 7,000 ஆண்டுக்கு முந்தைய சிப்பி ஓட்டுக் குவியல்களும் இருக்கின்றன. இங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் தின்றுவிட்டுப் போட்டவை. அவர்கள் விட்டுச்சென்றது சிப்பி ஓடு, நம் காலத்தவர் விட்டது இந்த மேடு. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்பது என்னை என்னவோ செய்தது.

கிளியர்வாட்டர் என்பது முதலில் ஒரு படகின் பெயர். 1960களில் ஹட்சன் ஆறு சாக்கடையும் ஆலைக்கழிவுமாக நாறிக்கிடந்தது. கரையோரம் பீக்கன் ஊரில் குடியிருந்த பாடகர் பீட் சீகர், இந்த ஆற்றில் முன்பு ஓடிய பாய்மரச் சரக்குப் படகு போலவே ஒன்றைக் கட்டலாம் என்று நண்பர்களோடு கிளம்பினார். மக்கள் ஆற்றுக்கு வந்தால்தான் ஆற்றை நேசிப்பார்கள், நேசித்தால்தான் காப்பாற்றுவார்கள் என்பது அவர் எண்ணம். ஊர் ஊராகக் கச்சேரி நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1969 மே மாதம் மெய்ன் மாநிலத்தில் 106 அடி நீளப் படகு நீரில் இறங்கியது. பாட்டுப் பாடிச் சேர்த்த காசில் ஒரு படகு! எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அன்றிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், வலைபோட்டு மீன் பிடித்து, பெயர் சொல்லிக்கொடுத்துத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்கள்.

ஆற்றின் நோய் அதோடு தீரவில்லை. மேல் ஹட்சனில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1947 வாக்கிலிருந்து 1977 வரை பிசிபி என்ற ரசாயனத்தை ஆற்றில் விட்டன. அதிகபட்சம் 13 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5,90,000 கிலோ என்று மதிப்பிடுகிறார்கள். அது கரையாது, எளிதில் சிதையாது, சேற்றில் படிந்து மீனின் கொழுப்பில் ஏறும். 1984-ல் ஆற்றின் 200 மைல் நீளத்தை அரசு 'சூப்பர்ஃபண்ட்' நச்சுத்தலமாக அறிவித்தது. 2009 முதல் 2015 வரை சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். இந்த ஆற்று மீனில் யார் எதை எவ்வளவு தின்னலாம் என்ற எச்சரிக்கை இன்றும் இருக்கிறது. ஒரு கூடாரத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்குதிரை வாலைச் சுருட்டிப் பாசித்தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹட்சனின் கீழ்ப்பகுதியில் கடல்குதிரை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. மருமகள் கண்ணாடியில் மூக்கை வைத்தவள், நகரவே மாட்டேன் என்றாள்.

சாப்பாட்டுக் கடைகளில் மட்கும் தட்டுதான். தின்று முடித்துப் போட வந்தால், ஒவ்வொரு தொட்டி வரிசையிலும் ஒரு தன்னார்வலர் நிற்கிறார். என்னை நிறுத்தியவள் கல்லூரிப் பெண்ணாக இருக்கவேண்டும். சோளக்கட்டை, தட்டு, கரண்டி மூன்றும் உரத்தொட்டிக்கு, சாஸ் வந்த சின்ன உறை மட்டும் குப்பைக்கு. "இதொன்றுதான் மிச்சம்" என்று அந்த உறையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். நாள் முழுக்க வெயிலில் நின்று ஒவ்வொருவருக்கும் இப்படிப் பொறுமையாகச் சொல்வது பெரிய காரியம்.

பெரிய மேடைகளில் கேட்டதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மனதில் நின்றது ஒரு சிறு கூடாரம். எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர் ஒருவர், சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கிட்டார் தந்திமேல் இழுத்தார். ஆள் அழுவது போலவே ஒரு சத்தம். ப்ளூஸ் ஆற்றங்கரையில் வளர்ந்த பாட்டு என்றார். 1927-ல் மிசிசிப்பி கரையுடைத்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தபோது, கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் கரை கட்டவைத்ததைச் சொன்னார். சார்லி பேட்டன் என்ற பாடகர் 1929-ல் அந்த வெள்ளத்தை இசைத்தட்டின் இரண்டு பக்கமும் பாடிப் பதிவுசெய்ததையும் சொன்னார். மேடையோரம் ஒருவர் இதையெல்லாம் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். குழாய் இழுபடும்போது அவர் கையும் இழுபட்டது.

அப்புறம் எங்களையே பாட்டுக் கட்டச் சொன்னார். முறை எளிது: ஒரு வரி, அதையே இன்னொரு தரம், மூன்றாவதாகப் பதில். முதல் வரியைச் சொன்னால் போதாதா என்று ஒரு சிறுவன் கேட்டான். முதல் தடவை காது கேட்கும், இரண்டாவது தடவைதான் நெஞ்சு கேட்கும் என்றார் பெரியவர். கூட்டம் ஆளுக்கொரு சொல்லாகக் கட்டியது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

ஆத்துல மீன் இருக்கு, அம்மா அடுப்புக்கு வரல,
ஆமா, ஆத்துல மீன் இருக்கு, அம்மா அடுப்புக்கு வரல,
யார் கலந்த நஞ்சோ, இன்னும் கழுவித் தீரல.

மூன்றாம் சுற்றில் அக்காவும் பாடினாள். நான் சின்ன வயதில் கேட்ட குரல். கல்யாணத்துக்குப் பின் அவள் பாடி நான் கேட்டதில்லை.

மாலையில் அந்தக் கிளியர்வாட்டர் படகிலேயே இடம் கிடைத்தது. பாயை ஏற்ற இயந்திரம் இல்லை, பயணிகள்தான் வடம் பிடிக்க வேண்டும். நாங்கள் இரு வரிசையாக நின்றோம். முன்னால் நின்ற மாலுமிப் பெண் ஒரு வரி பாட, நாங்கள் திருப்பிப் பாடும்போது எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டும். தாளம் தவறினால் வடம் அசையவில்லை. சேர்ந்து விழுந்தால் அந்தப் பெரிய பாய் ஒரு முழம் ஏறியது. காலையிலிருந்து பாட்டைக் கேட்பதற்கென்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கைச்சூட்டில் சணல் வாசனை அடித்தபோதுதான், பாட்டு ஒரு வேலைக்கருவி என்பது உடம்புக்குப் புரிந்தது. வயல்களில் வேலை செய்துகொண்டே பாடிய கறுப்பினத்தவர்களுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும்.

படகில் மருமகள் அதே கேள்வியைக் கேட்டாள். மாலுமிப் பெண் தண்ணீரில் மிதந்த ஒரு குச்சியைக் காட்டினாள். அது வடக்கே போய்க்கொண்டிருந்தது, மலைப்பக்கம். இங்கே கடல் ஏற்றம் டிராய் நகர் வரை 150 மைலுக்கு மேல் ஏறிவருமாம். பூர்வகுடிகள் இதற்கு இரண்டு பக்கமும் ஓடும் ஆறு என்ற பொருளில் முஹேக்கன்டக் என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

திரும்பும் ரயிலில் இருட்டிவிட்டது. மருமகள் என் தோளில் சாய்ந்து, முதல் வரியை மட்டும் இரண்டிரண்டு தரம் முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.