அப்பாவின் லோரி ஒப்பந்தமும் என் வணிகச் சட்டத் தேர்வும்

சுங்கை சிப்புட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் ஈப்போவுக்குப் பஸ் ஏறி, பகுதிநேர டிப்ளோமா படித்தேன். வணிகச் சட்டத் தாளில் முதல் தடவை 41 மதிப்பெண், தோல்வி. இரண்டாம் தடவை 72. இடையில், அப்பா கையெழுத்துப் போட்டு நஷ்டப்பட்ட ஓர் ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்துப் படித்தேன். இதே தாளை எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

அப்பா தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். ஒரு குத்தகையாளர் எங்கள் வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "மாசம் இருநூறு டன்னுக்குக் குறையாதுண்ணே, தைரியமா ரெண்டாவது லோரி எடுங்க" என்றார். மறுநாள் மலாயில் அச்சடித்த இரண்டு பக்கத் தாள் வந்தது. அப்பா கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் குலை குறையும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த மாதங்களில் தொண்ணூறு டன்கூடத் தேறவில்லை. லோரித் தவணை நின்றது. கேட்கப் போனால் அவர் நான்காவது வரியைக் காட்டினார். வேலை 'மெங்கிக்கூட் கெபெர்லுவான்' தரப்படும். தேவைக்கேற்ப. இரண்டே சொல். இருநூறு டன் என்ற எண் தாளில் எங்குமே இல்லை.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்று வகுப்பில் படித்திருந்தேன். அது சரி. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. சுயமான சம்மதம், தகுதியுள்ள தரப்பினர், சட்டத்துக்கு உட்பட்ட கைம்மாறும் (ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது) நோக்கமும் போதும். ஆனால் உடன்பாட்டைத் தாளில் எழுதிவிட்டால் சாட்சியச் சட்டத்தின் 91, 92-ஆம் பிரிவுகள் குறுக்கே வருகின்றன. எழுதியதற்கு முரணாக வாயால் சொன்னதைப் பொதுவாகச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. விலக்கும் உண்டு. கையெழுத்துப் போடத் தூண்டிய வாய்மொழி வாக்குறுதி, எழுத்தையும் மீறி நிற்கலாம் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு அது உதவியிருக்குமோ என்னவோ, அன்று வாசலில் மூன்றாவது ஆள் யாரும் இல்லை. வாட்சாப்பில் ஒரு வரி கேட்டு வாங்கியிருந்தாலாவது கையில் ஏதோ இருந்திருக்கும். 2006-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டப்படி மின்செய்தி என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது.

முதல் தடவை நான் ஏன் தோற்றேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கேள்வியில் ஒரு கதை கொடுத்திருந்தார்கள். நான் கதையை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் நான்கு பக்கம் கொட்டியிருந்தேன். இரண்டாம் தடவை விடை எழுதுவதற்கு முன்பே, யார், எந்தத் தேதியில், யாரிடம், என்ன சொன்னார் என்று ஓரத்தில் சின்னதாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டேன். உதாரணத்துக்கு, லோரியை எண்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார் ஒருவர். எழுபதுக்குத் தருவீர்களா என்று மற்றவர் பேரம் பேசுகிறார், முதலாமவர் மறுக்கிறார். உடனே சரி, எண்பதே தருகிறேன் என்கிறார் மற்றவர். இங்கே ஒப்பந்தம் இல்லை, ஏனென்றால் எழுபது என்ற எதிர்முன்மொழிவே முதல் முன்மொழிவை முடித்துவிட்டது. இதற்கு 1840-ஆம் ஆண்டு ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கு ஒன்று போதும். வழக்குப் பெயர்களை அடுக்காதீர்கள். பிரிவு, ஒரு வழக்கு, பிறகு கேள்வியில் வரும் ஆட்களின் பெயரைச் சொல்லி அவர்களுக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். மதிப்பெண் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.

அப்பாவின் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டுக்குப் பேராக்கில் வேறு யாருக்கும் குலை ஏற்றக்கூடாது. அப்பா இதற்குத்தான் மிகவும் பயந்தார். பயப்படத் தேவையே இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, தொழில் செய்ய விடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. இங்கிலாந்துப் புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் 'தடை நியாயமானதா' என்று ஒரு பக்கம் எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். கோத்தா பாருவில் ஐந்து மைல் சுற்றளவில் இரண்டு ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்யக்கூடாது என்ற சின்னத் தடையையே 1964-இல் நம் நீதிமன்றம் ஏற்கவில்லை. வியாபாரத்தின் நற்பெயரை விற்பது, கூட்டாளிகளுக்கு இடையிலான உடன்பாடு போன்ற விலக்குகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்தக் குத்தகையாளர் பிடித்துக்கொண்ட அப்பாவின் மூவாயிரம் வெள்ளி முன்பணம், ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய தொகையைப் பற்றிய அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவின் விஷயம். இதில் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். 1995-இல் கிளினிக் விற்பனை வழக்கு ஒன்றில், நஷ்டத்தை நிரூபித்தால்தான் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை கிடைக்கும் என்று தீர்ப்பு வந்தது. 2018-இல் கியூபிக் எலெக்ட்ரோனிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லா வழக்கிலும் நஷ்டத்தை நிரூபித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது. முன்பணத்துக்கும் இதே பிரிவுதான். இரண்டு தீர்ப்பையும் ஆண்டோடு எழுதுங்கள்.

ஐயாயிரம் வெள்ளி வரையிலான வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். அப்பா போடவில்லை. அலைய மனமில்லை என்றார்.

தேர்வு முடிந்த மாதம் வேறொரு குத்தகையாளரிடமிருந்து புதிய தாள் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அம்மாடி, அந்த மெங்கிக்கூட் இதுல எங்க இருக்கு பாரு" என்றார். மூன்றாவது வரியில் இருந்தது. அதன் பக்கத்தில் 'மாதம் குறைந்தது 200 டன்' என்று எழுதச் சொன்னோம். அவர் 150-க்குத்தான் சம்மதித்தார். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தார்கள். முத்திரை வரி கட்ட 30 நாள் அவகாசம் இருந்தும், அப்பா மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்.