பழைய ஜிப்சியைக் கீழேயிருந்து மேலே சரிசெய்த கதை

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இறங்குகிற மண்பாதையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சாதாரணக் கார் போகாது. நீலகிரியின் கிழக்குச் சரிவு என்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமாக விழும், அது விழுந்தால் பாதை முழுக்கச் செம்மண் சேறு. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் கொண்டை ஊசி மாதிரி இரண்டு திருப்பம். பெரிய ஜீப்பை இறக்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். எனக்கு வேண்டியது சின்னதாக, எடை குறைவாக, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி. என் பட்ஜெட்டில் பழைய வண்டியாகத் தேடினால் நம்ம ஊரில் அதற்கு ஒரே பதில் மாருதி ஜிப்சி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1985 கடைசியில் 970 சிசி எஞ்சினோடு வந்த வண்டி இது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் போட்டு ஜிப்சி கிங் என்று விட்டார்கள், 2000-இல் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வந்தது, 80 எச்பி. 2018 கடைசியோடு பொதுமக்களுக்கான புக்கிங்கை நிறுத்திவிட்டார்கள். ஏணி மாதிரி சேஸிஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டு ஆக்சில், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். ஏசி கிடையாது, பவர் ஸ்டீரிங் கிடையாது. காலி வண்டியின் எடை ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும், சேற்றில் அதுதான் பெரிய பலம். நான் எடுத்தது 2007 மாடல், ஒரு எஸ்டேட்டில் ஓடிய வண்டி.

வாங்கும்போது பார்த்த விஷயங்களில் முக்கியமானது ஆர்சி என்கிற பதிவுச் சான்று. ஜிப்சி நிறைய ராணுவ ஏலத்தில் வெளியே வந்திருக்கிறது, வெளி மாநிலத்தில் பதிவாகி இங்கே ஓடுகிற வண்டிகளும் ஏராளம். என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று இல்லாமல், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து இல்லாமல், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அந்த வண்டியைத் தொடாதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியைப் புதுப்பித்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது, தமிழ்நாட்டில் பசுமை வரி அதற்கு மேல் தனி. என் வண்டிக்கு இதெல்லாம் முடிந்திருந்தது. சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு ஒத்துப் பார்த்து, சேஸிஸ் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். சேஸிஸ் கணீர்தான். பாடி விஷயம் வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

வண்டியை எடுத்ததும் பலர் செய்கிற வேலை பெரிய டயர், எல்இடி பார், பம்பர். நான் கீழேயிருந்து மேலே போவது என்று முடிவு செய்தேன். பிரேக், ஸ்டீரிங், ஆக்சில் முதலில். அப்புறம் பாடி. அலங்காரமும் வசதியும் கடைசி. இந்த வரிசையில் எனக்கு அழுத்தமான நம்பிக்கை உண்டு, ஏனென்றால் பெரிய டயர் போட்டபின் ஸ்டீரிங் நடுங்கினால் நடுக்கம் டயரால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுக்கம் என்று சொன்னேன் இல்லையா, ஜிப்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி அது. மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளி ரோட்டில் 60-ஐத் தொடும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் போதும், ஸ்டீரிங் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும், கை வைத்துப் பிடிக்கவே முடியாது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கும். பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வீல் பேலன்ஸ் பண்ணு, ஸ்டீரிங் டேம்பரை (ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர்) மாற்று, ஸ்டீரிங் பாக்ஸில் மேலே இருக்கிற ஸ்க்ரூவை இறுக்கு. புது டேம்பர் போட்டால் நடுக்கம் கொஞ்ச நாள் அடங்கும், உண்மைதான், ஆனால் டேம்பர் நோயை மூடி மறைக்கிறதே தவிர தீர்ப்பதில்லை. ஸ்டீரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கினால் நேராகப் போகும்போது ஸ்டீரிங் இறுகி, திருப்பியபின் தானாகத் திரும்பி வராது. மலைப் பாதையில் அது ஆபத்து.

மேட்டுப்பாளையத்தில் பழைய ஜீப்புகளோடே வாழ்க்கையைக் கழித்த ஒரு மெக்கானிக் அண்ணன்தான் சரியாகப் பிடித்தார். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். லேசாக டக் டக் என்றது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. "பிரேக் மிதிச்சா நின்னுட்டா வீல் பேரிங், நிக்காட்டி கிங் பின்னு. டேம்பருக்குக் காசைப் போடாதீங்க தம்பி" என்றார். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம், வண்டி வாங்கப் போகும் இடத்திலும் செய்யலாம்.

ஜிப்சியில் முன்சக்கரம் கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிற மூட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சின்ன டேப்பர் பேரிங் இருக்கும். மேல் பின்னுக்கு அடியில் தாள் போல மெல்லிய ஷிம் தகடுகள். பேரிங் தேயத் தேய அந்த இறுக்கம் போய்விடும், மூட்டு லூஸாகச் சுழலும், நடுக்கம் பிறக்கும். என் வண்டியில் பேரிங்கைக் கழற்றியபோது கீழ்க் கிண்ணத்தில் உருளைகள் பதிந்த தழும்பு வரிசையாகத் தெரிந்தது, விரல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் மாட்டியது. புது பேரிங் போட்டு, ஷிம்மைக் குறைத்துக் குறைத்து இறுக்கத்தைச் சரிபார்த்தார். அதற்கு அவர் வைத்திருந்தது மீன் கடையில் தொங்குகிற மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசு. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற டை ராடு மாட்டுகிற ஓட்டையில் கொக்கியை மாட்டி இழுத்தால், ஆயில் சீல் போடாத நிலையில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் மூட்டு நகர வேண்டும். அதற்குக் குறைந்தால் லூஸ், கூடினால் பேரிங் சீக்கிரம் போகும். கூடவே டை ராடு முனைகளையும் மாற்றி, முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கிற அளவான டோ-இன்னையும் சரிசெய்தோம். நடுக்கம் போயே போய்விட்டது. பழைய டேம்பரே இன்னும் வண்டியில் இருக்கிறது.

அதே இடத்தைப் பிரித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. மூட்டுக்குள் கெட்டியாக இருக்க வேண்டிய கிரீஸ் கூழாகி, டயரின் உள்பக்கம் வழிந்திருந்தது. ஆக்சிலில் இருக்கிற டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டியின் ஆயில் ஆக்சில் குழாய் வழியாக வந்து கிரீஸோடு கலந்திருக்கிறது, அதாவது உள் ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றிவிட்டு அத்தோடு விட்டிருந்தால் மறுபடி ஒழுகியிருக்கும். காரணம் ஆக்சில் மேலே இருக்கிற சின்ன ப்ரீதர் மூடி, சேறு காய்ந்து சுத்தமாக அடைத்துக் கிடந்தது. ஓடும்போது ஆக்சில் சூடாகும், உள்ளே காற்று விரியும், வெளியேற வழி இல்லாவிட்டால் சீலைத்தான் தள்ளும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் இதே விஷயம் தலைகீழாக நடக்கும், காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். மூடியை எடுத்துவிட்டு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, உயரமாக எஞ்சின் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டினேன். மிகக் குறைந்த செலவில் இந்த வண்டிக்குச் செய்த மிக உபயோகமான வேலை இதுதான் என்பேன்.

முன்சக்கரங்களை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் திருகுகிற ஃப்ரீ வீல் ஹப் இரண்டையும் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிசாகப் புது கிரீஸ் தடவினேன். நிறைய அப்பினால் மலைக் குளிரில் இறுகிப்போய் லாக் சரியாக விழாது. முன், பின் ஆக்சில்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடுகிற நடு டிஃபரன்ஷியல் ஜிப்சியில் இல்லை என்பதால் காய்ந்த தார் ரோட்டில் 4H (நான்கு சக்கர இழுவை) போட்டு வளைவுகளில் ஓட்டக் கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் போகும், அந்த வித்தியாசம் இரண்டு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸையும் தண்டு மூட்டில் இருக்கிற ஜாயிண்ட் கிராஸையும்தான் முறுக்கும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இறங்கி ஹப்பைத் திருகிவிட்டுப் போவது இப்போது பழகிவிட்டது.

எஞ்சின் எனக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. ஐடிலிங் ஏறி ஏறி இறங்கியது. எஞ்சினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் பாடியில் கரி, கூடவே ஒரு வேக்குவம் ஹோஸில் விரிசல். கார்ப் கிளீனரை ஹோஸ் மேல் லேசாக அடித்தால் ஆர்பிஎம் மாறும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனருக்கே தெரியவில்லை, அதனால் கேள்வி கேட்காமல் மாற்றியாயிற்று. மாருதி எஸ்டீம் காரில் இருந்ததும் இதே குடும்பத்து 1.3 லிட்டர் எஞ்சின் என்பதால் பாகம் தேடுவது கஷ்டமில்லை. பாடி, டிரான்ஸ்ஃபர் கேஸ் சாமான்களுக்குத்தான் அலைய வேண்டும், சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் விசாரித்து வாங்கினேன்.

இனி துரு. தரையில் ஒட்டியிருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன், டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தகடே இல்லை, மேட் மட்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தது. கேன்வாஸ் கூரையின் ஓரத்தில் ஒழுகும் மழைத் தண்ணீர் மேட்டுக்கு அடியில் மாதக் கணக்கில் தேங்கி நின்ற வேலை. டிங்கரிங் கடையில் "மேல பட்டி போட்டு அடிச்சிரலாமுங்க" என்றார்கள், நான் சம்மதிக்கவில்லை. துரு பிடித்ததை முழுசாக வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு, அடியில் அண்டர்பாடி கோட்டிங். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) தப்பிக்கும். தரையில் வடிகால் ஓட்டைகளின் ரப்பர் மூடியை மழைக்காலத்தில் நான் எடுத்துவிடுவேன். ஒட்டுகிற மேட் திரும்பப் போடவில்லை, தூக்கி உதறுகிற மாதிரி தனி மேட்தான்.

பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவிவிட்டால் சவாரி மெத்தென்று ஆகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பின்னால் தேயிலை மூட்டை ஏற்றுகிறவன் நான், மீதிப் பட்டைகள் அந்தப் பாரத்தில் உடையும். அதற்குப் பதில் முழு செட்டையும் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸ் பூசி, ஷேக்கிள் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டோம். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க ஆரம்பித்ததும் பாதிக் குலுக்கல் குறைந்துவிட்டது. மீதிக் குலுக்கல் ஜிப்சியின் சுபாவம்.

எனக்கேற்ற மாதிரி மாற்றியவை சொற்பம், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பின்னால் எதிரெதிரே இருந்த பெஞ்சில் ஒரு பக்கத்தை மடித்து வைத்து மூட்டை கட்ட தரையில் வளையங்கள் பொருத்தினேன். கேன்வாஸ் ஹூட் புதிதாகத் தைத்தேன். தைப்பவரிடம் தையல் ஓரங்களை இரட்டையாக மடித்து அடிக்கச் சொல்லி, உள்பக்கம் தையல்மேல் மெழுகு தேய்க்கவும் வைத்தேன், ஒழுகலே இல்லை. பின்ஜன்னல் பிளாஸ்டிக்கை ஜிப் வைத்துச் சுருட்டுகிற மாதிரி செய்தார், மூட்டை ஏற்ற அதுதான் சௌகரியம். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்து, துருப்பிடித்த எர்த் முனைகளைச் சுரண்டிப் புதிதாக இறுக்கியதும் அதே 60/55 வாட் பல்பில் பனிமூட்டத்திலும் வளைவு தெளிவாகத் தெரிகிறது.

டயர், வண்டிக் கம்பெனி கொடுத்த அளவான 205/70 ஆர்15-தான், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை. பெரிய டயர் போட்டால் இந்த எஞ்சினுக்கு ஏற்றத்தில் இழுவை போய்விடும், பவர் ஸ்டீரிங் இல்லாத கைக்கும் பாரம். சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். முன்னால் கம்பித் தடுப்பு மாட்டுவதற்கும் 2017 டிசம்பரிலிருந்து தடை. ஜிப்சி என்றாலே பச்சை அடிக்க ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள், ஆலிவ் பச்சை நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான் என்று மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. என் வண்டி ஆர்சியில் வெள்ளை, ரோட்டிலும் வெள்ளை.

செலவு எல்லாம் சேர்த்து வாங்கிய விலையில் பாதிக்கு மேல் போயிற்று, இரண்டு மழைக்காலம் ஓட்டியாயிற்று. இப்போது மூன்றாவது கியரில் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது. மழை முடிந்து தை பிறந்ததும் கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பதாக அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை இறக்கத்தில் இரண்டாவது கியர்தான்.