ஸ்கேன் செய்த பழைய நூலில் திப்பிலியைத் தேடியது: டெர்மினல் அனுபவம்

1950களில் அச்சான ஒரு சித்த மருத்துவச் சிறுநூல் பிடிஎஃப் ஆக என்னிடம் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பக்கம். அத்தனையும் படம்தான், உள்ளே எழுத்து என்று ஒன்றுமில்லை. திப்பிலி எந்தெந்த மருந்தில் சேர்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து கண்ணால் துழாவ வேண்டியதுதான். இதைத் தேடக்கூடிய உரையாக மாற்ற, எங்கேயும் பதிவேற்றாமல், பழைய லேப்டாப்பில் உள்ள டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் கட்டளைவரிக் கருவிகளையும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்தேன். செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பில்தான் தருகிறேன். நுணுக்கங்கள் அந்தந்தக் கருவியோடு வரும் கையேடான மேன் பக்கத்தில் இருக்கின்றன.

நிறுவுவது எளிது. டெபியனில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி இருக்கிறது, பெயரைச் சொன்னால் வந்துவிடும். படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் டெசராக்ட், பிடிஎஃப்-ஐப் பிரிக்க பாப்ளர் யூட்டில்ஸ், படத்தைச் சீராக்க இமேஜ்மேஜிக், பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்ட குனு பேரலல், யூனிகோட் வேலைக்கு ஐசியூ டெவ்டூல்ஸ், இவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெசராக்டைப் போட்டால் தமிழ் தானாக வராது. தமிழ்த் தரவு தனித் தொகுப்பு. அதன் பெயர் டீ-ஏ-எம் என்ற மூன்றெழுத்துக் குறியில் முடியும். போட்ட பிறகு ‘லிஸ்ட் லாங்ஸ்’ என்ற விருப்பத்தோடு டெசராக்டை ஓட்டிப் பார்த்தால், அந்தக் குறி பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழில் படிக்கச் சொன்னதும் தரவு கிடைக்கவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும்; மொழியே சொல்லாமல் விட்டால் ஆங்கிலமாகவே படித்து ஏதோ ஒரு குப்பையைத் துப்பும்.

டெசராக்ட் கொஞ்சம் வயதான மென்பொருள். 1980களில் ஹெச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் தொடங்கியது, 2005-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் ஆதரித்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் நியூரல் நெட்வொர்க் முறை சேர்ந்தது; ஓர் எழுத்தைத் தனியாகப் பார்க்காமல் வரியாகப் படிக்கும். டெபியன் 12-இல் இருப்பது 5.3. அதோடு வரும் தரவு ‘ஃபாஸ்ட்’ வகை. ‘பெஸ்ட்’ வகையையும் தனியாக இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். நேரம் நிறையவே கூடியது, பிழை அந்த அளவுக்குக் குறையவில்லை. தரவை மாற்றுவதைவிடப் படத்தைச் சீராக்குவதில்தான் பலன் இருந்தது.

படத்துக்கு வருவோம். பிடிஎஃப்-இமேஜஸ் என்ற கருவியில் ‘லிஸ்ட்’ என்று கேட்டால், ஒவ்வொரு பக்கப் படமும் எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று சொல்லிவிடும். முந்நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. பிறகு பிடிஎஃப்-டு-பிபிஎம் கொண்டு 300 டிபிஐ-யில், சாம்பல் நிறத்தில், பக்கத்துக்கு ஒரு பிஎன்ஜி கோப்பாகப் பிரித்துக்கொண்டேன். கோணலாக ஸ்கேன் ஆன பக்கங்களை இமேஜ்மேஜிக்கின் டெஸ்க்யூ நிமிர்த்திவிடுகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் 40 சதவீத அளவே போதுமாக இருந்தது.

தூசு நீக்குவதில்தான் தமிழுக்கென்று ஒரு சிக்கல். பழைய தாளில் கரும்புள்ளிகள் நிறைய. அவற்றை அகற்ற டெஸ்பெக்கிள் போன்ற வசதிகள் உண்டு. ஆங்கிலத்துக்குச் சரி, அங்கே போனால் ஐ, ஜே-யின் தலைப்புள்ளி போகும், அதையும் ஊகித்துக்கொள்ளலாம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியே போய்விடும். அச்சு மெலிந்த பக்கத்தில் ‘சுக்கு’ என்பது ‘சுககு’ ஆகி வெளியே வந்தது. தூசு இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே மேல். டெசராக்ட் தூசைப் பெரும்பாலும் தானே ஒதுக்கிவிடுகிறது, நாம் அழித்த புள்ளியை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது.

படிக்க வைக்கும்போது பக்க அமைப்புக்கான எண் ஒன்று கொடுக்கலாம், 0 முதல் 13 வரை. ஒற்றைப் பத்தியாக ஓடும் பக்கங்களுக்கு 4 அல்லது 6 நன்றாக வேலை செய்தது. தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் தேவையில்லாத இடத்திலெல்லாம் ரோமன் எழுத்து முளைத்தது, எடுத்துவிட்டேன். எல்லாப் பக்கங்களையும் பேரலல் மூலம் ஒரே நேரத்தில் ஓட்டுவதானால் ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட வேண்டும். டெசராக்ட் தன் பங்குக்கு ஒரே பக்கத்துக்குப் பல திரெட்களை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் துணை வேலைகளை, திறக்கும். பேரலல் தன் பங்குக்குப் பல டெசராக்டுகளைத் திறக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நிற்கும். மாறியை வைத்ததும் வேகம் கண்ணுக்குத் தெரிந்தே கூடியது.

வந்த உரையைத் திறந்து பார்த்தால், முதல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் ‘இல்லே’ கண்ணில் பட்டது. பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறாரோ என்று நினைக்கும் அளவுக்கு இயல்பாக உட்கார்ந்திருந்தது. அடுத்து ‘என்ருல்’, ‘ஆளுல்’. சரி, விஷயம் புரிந்துவிட்டது. நூல் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் பயன்படுத்திய வடிவங்களை ஒட்டித் தமிழக அரசு 1978-இல் 13 எழுத்துகளை மாற்றியது: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அதற்கு முன் லை, னை போன்றவற்றுக்குத் தும்பிக்கை வைத்த மாதிரி மேலே வளைந்த கொம்பு. றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழித்துச் சேர்ந்திருக்கும். இன்றைய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் தும்பிக்கையைக் கண்டால் ‘லே’ என்கிறது, சுழித்த றாவைக் கண்டால் ‘ரு’ என்கிறது. என்றால், ஆனால், இல்லை என்பவை வராத பக்கம் எது? பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இந்தப் பிழை.

இங்கேதான் டெர்மினல் உண்மையிலேயே கைகொடுத்தது. எல்லாப் பக்க உரையையும் ஒன்றாக்கி, சொல்லுக்கு ஒரு வரியாக உடைத்து, வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு அனுப்பி, ஒரே மாதிரி வரிகளைச் சேர்க்கும் யுனிக்கில் எண்ணச் சொல்லி, மறுபடி எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் சார்ட். நான்கு சிறு கருவிகள், நடுவே ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தில் இந்தப் பைப் 1973-இல் வந்தது. அதை உருவாக்கிய குழுவிலிருந்த டக் மெக்கில்ராய் வற்புறுத்த, கென் தாம்சன் எழுதிச் சேர்த்தார். தமிழ் மருந்து நூலின் எழுத்துப்பிழைக்கு இது உதவும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பட்டியலின் தலைமாட்டிலேயே ‘இல்லே’, ‘என்ருல்’, ‘ஆளுல்’ எல்லாம் வரிசையாக நின்றன. மேலே இருக்கும் சில டஜன் சொற்களைத் திருத்தினாலே பாதிப் பிழை தீர்ந்தது.

திருத்தத்துக்கு, உரையில் ஒன்றைத் தேடி இன்னொன்றாக மாற்றும் செட் கருவி. ஒரு கோப்பில் வரிக்கு ஒரு விதி எழுதி, ஹைஃபன் எஃப் விருப்பத்தில் அதைக் காட்டினால், முழு நூலிலும் மாற்றிவிடும். ‘லே’ வந்தால் ‘லை’ ஆக்கு என்று எழுத்தளவில் விதி எழுதினால் சுலபம் என்று தோன்றும். ஆனால் ‘மேலே’ ‘மேலை’ ஆகிவிடும், ‘வீட்டிலே’ ‘வீட்டிலை’ ஆகிவிடும். எனவே சொல் சொல்லாகத்தான் விதி. அலுப்பான வேலைதான், ஆனால் அந்த விதிக் கோப்பு கையில் நிற்கும். அதே காலத்து இன்னொரு நூலை எடுத்தால் அங்கேயும் அதே ‘என்ருல்’தானே வரப்போகிறது.

அரிதாக வரும் சொற்களுக்கு எண்ணிக்கைப் பட்டியல் உதவாது. டெசராக்ட் வெறும் உரை மட்டுமல்ல, டிஎஸ்வி என்ற அட்டவணை வடிவிலும் தரும். சொல்லுக்கு ஒரு வரி, பன்னிரண்டு பத்திகள். பதினொன்றாவது பத்தியில் அந்தச் சொல்லைப் பற்றி அதற்கே எவ்வளவு நம்பிக்கை என்று நூற்றுக்கு இவ்வளவு என ஓர் எண், பன்னிரண்டாவதில் சொல். உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கும் ஆக் கருவியிடம், பதினொன்றாவது 60-க்குக் கீழே இருந்தால் பன்னிரண்டாவதை அச்சிடு என்று ஒரே வரியில் சொல்லலாம். சொல் அல்லாத வரிகளுக்கு அந்த இடத்தில் கழித்தல் ஒன்று இருக்கும், அவற்றையும் தள்ளிவிட வேண்டும். இப்படி வடிகட்டிய சொற்களை மட்டும் பக்கப் படத்தோடு ஒப்பிட்டேன். மூலிகைப் பெயர்கள்தான் அதிகம் மாட்டின. ‘இல்லே’யில் மட்டும் அதற்கு முழு நம்பிக்கை, அது இந்த வலையில் விழவே இல்லை!

பழைய யூனிக்ஸ் கருவிகளைத் தமிழில் பயன்படுத்தும்போது எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தை மாற்றவும் நீக்கவும் உதவும் டீ-ஆர் என்ற கருவி எழுத்தைப் பார்ப்பதில்லை, கணினி அதைச் சேமிக்கும் சிறு அலகான பைட்டைப் பார்க்கிறது. யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், அத்தனைக்கும் முதல் பைட் ஒன்றேதான். ஆகவே ஆய்த எழுத்தை மட்டும் நீக்கு என்று டீ-ஆரிடம் சொன்னால், எல்லா எழுத்தின் முதல் பைட்டையும் சேர்த்து உருவிவிடும்; கோப்பு முழுக்கக் கேள்விக்குறிக் கட்டங்கள். நகல் ஒன்றில் செய்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். எழுத்து மாற்றம் எதுவானாலும் செட் போதும்.

எண்ணிக்கையும் இப்படித்தான். ‘தமிழ்’ என்ற சொல்லை டபிள்யூசி கருவியிடம் பைட்டாக எண்ணச் சொன்னால் 15, குறியாக எண்ணச் சொன்னால் 5. நமக்கு அது மூன்றெழுத்து. தேடும் கருவியான கிரெப்பை பெர்ல் முறையில் வைத்து, முதுகுக்கோடு (பேக்ஸ்லாஷ்) பெரிய எக்ஸ் என்று கேட்டால் த, மி, ழ் என மூன்றாகப் பிரித்துத் தருகிறது. டெர்மினலில் கொம்பெழுத்துகள் சிதறித் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டெர்மினல் கட்டம் கட்டமாக எழுத்தை வைப்பதால் அப்படி. அதே கோப்பை எடிட்டரில் திறந்தால் ஒழுங்காக இருக்கும்.

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாதது. ‘கொத்தமல்லி’ என்று தேடினால் சில இடங்களில் சிக்கவில்லை, படிக்கும்போதோ அங்கே கொத்தமல்லிதான் இருக்கிறது. கொ-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்று, கிரெப்புக்கு வேறு வேறு. ஐசியூ டெவ்டூல்ஸில் உள்ள யூகான்வ் கருவியில் எனி-என்எஃப்சி என்ற மாற்றத்தைக் கொடுத்து எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தபின் சரியானது. ஆனால் ‘ஔடதம்’ இதிலும் சரியாகாது. அங்கே பல இடங்களில் ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் வந்திருந்தன. அவை உண்மையாகவே வேறெழுத்துகள், அதனால் செட்டில் தனி விதி. ‘ஒளி’ மாட்டிக்கொள்ளாதபடி டகரம் வரை சேர்த்து எழுதினேன்.

இவ்வளவும் முடிந்து தேட உட்கார்ந்தபோது ஒரு வசதி புரிந்தது. கடுக்காய், கடுக்காயை, கடுக்காயும் எல்லாவற்றையும் பிடிக்க, கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘கடுக்காய’ என்று தேடினால் போதும். கணினிக்குள் ய் என்பது யகரமும் புள்ளியும்தானே, அதனால் யை, யு எல்லாம் அதில் அடங்கிவிடும். ‘சுக்கு’க்கு உகரத்தை விட்டு ‘சுக்க’. வேம்புக்கு மட்டும் ‘வேம்ப’ அல்லது ‘வேப்ப’ என்று இரண்டையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேப்பெண்ணெய் தப்பிவிடும். முழுச் சொல் மட்டும் என்று கேட்கும் விருப்பத்தைத் தமிழில் நான் நம்புவதில்லை. சொல் எங்கே முடிகிறது என்பதில் புள்ளியும் உயிர்க்குறியும் அதைக் குழப்புகின்றன. வெற்றிடத்தையும் நிறுத்தக்குறியையும் நானே எல்லையாக எழுதிக்கொள்கிறேன்.

திப்பிலியை முன்னும் பின்னும் இரண்டு வரியோடு காட்டச் சொன்னால் செய்முறை முழுதாகத் தெரிகிறது. பெரும்பாலும் சுக்கு, மிளகோடு சேர்ந்தே வருகிறது. திரிகடுகு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட இடங்களும் உண்டு, அதனால் அதையும் சேர்த்துத் தேடினேன். எத்தனை முறை என்று எண்ணுவதானால் கிரெப்பின் சொந்த எண்ணிக்கை வரிகளைத்தான் எண்ணும் என்பதை மறக்கக் கூடாது.

மூலிகை அகரவரிசை ஒன்றும் எடுத்தேன். சி லொகேல் என்ற, எந்த மொழிக்கும் சேராத அமைப்பில் சார்ட் செய்தால் யூனிகோட் எண்படி போகிறது. அங்கே னகரம் நகரத்துக்கு அடுத்தே இருப்பதால் வல்லாரைக்கு முன்னால் வன்னி வந்து நிற்கும். தமிழ் லொகேலை உருவாக்கி அதில் சார்ட் செய்ததும் வல்லாரை முன்னுக்கு வந்தது.

மிச்சம் இருப்பது வரி முடிவில் உடைந்த சொற்கள். அந்தக் கால அச்சில் இணைப்புக்கோடு போடாமலே சொல்லை நடுவில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வரியின் கடைசித் துண்டையும் அடுத்த வரியின் முதல் துண்டையும் ஒட்டிப் பார்த்து, அப்படியொரு சொல் நூலில் வேறெங்காவது முழுதாக இருந்தால் சேர்த்துவிடும்படி ஆக்கில் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். அடிக்கடி வரும் சொற்களுக்கு நன்றாக நடக்கிறது, ஒரே முறை வரும் மருந்துப் பெயர்களை விட்டுவிடுகிறது. எடை அளவுகள் கொண்ட அட்டவணைப் பக்கங்களை எந்த எண் கொடுத்தாலும் டெசராக்ட் கலைத்துப்போடுகிறது. மருந்தின் அளவு விஷயம் என்பதால் அவற்றைப் படத்தைப் பார்த்துக் கையாலேயே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.